வெள்ளிக்கிழமைப் பச்சை

கற்பூரத்தின் மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் கிடையாது. கோயிலில் காட்டினால் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். என் ஆய்வகத்துக்குள் ஏற்றினால், ஏற்றியவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவேன். இந்தச் சின்ன வித்தியாசத்தை எங்கள் நிறுவனத்தில் ஒருவருக்கும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. ஆயுத பூஜை வந்தால் போதும், ஸ்டோர்ஸிலிருந்து ஒரு பட்டாளம் தாம்பாளத்தோடு கிளம்பிவிடும். கணினிக்குச் சந்தனம், எரிவாயு சிலிண்டருக்குக் குங்குமம், நுண்ணோக்கிக்கு மாலை. நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வருடம் கதவுக்கு அடியில் பொரிகடலையைப் பொட்டலம் கட்டித் தள்ளிவிட்டுப் போனார்கள். செண்பகவல்லி மேடத்துக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்று கேன்டீன் வரைக்கும் பேச்சு. சாமி மீது நம்பிக்கை இருக்கிறது. மனிதர்கள் ஒரு பொருளைத் தொடாமல் சும்மா இருப்பார்கள் என்பதில்தான் இல்லை.

என் வேலை பிளாட்டினம். இதைச் சொன்னதும் கேட்பவர் கண்ணில் நகைக்கடை விளக்கு எரியும். அந்த விளக்கை அணைத்து அணைத்தே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. என்னிடம் இருப்பதெல்லாம் மிளகு அளவுப் படிகம். பிளாட்டினக் கம்பியின் நுனியைச் சுவாலையில் பிடித்தால் உருகித் துளியாகத் திரளும். அதை மெல்ல ஆறவிட்டால், துளி முழுவதும் அணுக்கள் ஒரே ஒழுங்கில் அமர்ந்த ஒற்றைப் படிகமாகிவிடும். எந்தத் திசையில் வெட்டினால் எந்த ஒழுங்கு கிடைக்கும் என்று லேசரை வைத்துக் கண்டுபிடித்து, வெட்டி, பளபளவென்று தேய்த்து, மறுபடி சுவாலையில் காட்டி, காற்றின் அழுக்கு ஒட்டுவதற்குள் ஒரு சொட்டுத் தூய நீரால் மூட வேண்டும். பிறகு அமிலக் கரைசலில் இறக்கி மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால், திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரும். அதுதான் அந்தப் பரப்பின் கைரேகை. வேண்டாத மூலக்கூறு ஏதாவது ஒட்டியிருந்தால் கோடு சப்பையாகிவிடும். காலையிலிருந்து பார்த்த வேலை பாழ்.

ஆகையால் என் ஆய்வகத்தில் மல்லிகைப் பூ கூடாது, தலைவலித் தைலம் கூடாது, பவுடர் கூடாது, சென்ட் கூடவே கூடாது. குளித்துவிட்டு, துவைத்த துணியோடு மனிதராக வந்தால் போதும். இதைக் கேட்டுப் பயந்து ஓடிய ஆராய்ச்சி மாணவர்கள் அநேகம்.

ஒரு குறிப்பிட்ட வெட்டில் கிடைக்கும் பரப்புக்கு அம்மோனியா என்றால் உயிர். அதை நான் கண்டுபிடிக்கவில்லை, துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். நான் செய்தது, அந்தப் பரப்பை ஒரு கைப்பெட்டிக்குள் கெடாமல் வைத்திருக்கக் கற்றது. அதுவே தினமும் தன்னைச் சூடாக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்படி அமைத்தேன். அதன்மேல் ஊதினால், மூச்சில் இருக்கும் துளியினும் துளியான அம்மோனியாவைக்கூட எண்ணிச் சொல்லும். சிறுநீரகம் சுணங்கத் தொடங்கினால் மூச்சில் அம்மோனியா ஏறும். இரத்தப் பரிசோதனையில் தெரிவதற்கு வருடக்கணக்கில் முன்பாகவே என் படிகத்துக்குத் தெரிந்துவிடும். மதுரையில் மீனலோசனி என்று ஒரு சிறுநீரக மருத்துவர். அவர் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சீக்கிரம் தெரிந்தால் மாத்திரையிலேயே பாதிப் பேரைக் காப்பாற்றிவிடலாம் என்று சொன்னார். அன்றைக்கு நான் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போகும் என்று நினைத்தேன். கோப்பு நகரவில்லை. தொழில்நுட்பத்தை யாருக்காவது உரிமம் கொடுங்கள், நிறுவனத்துக்குப் பெயர் வரும் என்று மேலே இருந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கண்ணாடிப் புட்டி ஆலை வாங்கிக்கொண்டது. அங்கே உலை வெக்கையில் தொழிலாளர்களுக்குச் சிறுநீரகம் கெடுவதாகப் புகார் இருந்தது. நான் கொடுத்தது மருத்துவர் மேசைக்கான பெட்டி. அவர்கள் அதை ஆலையின் நுழைவாயிலில் சுவரோடு பதித்து, பக்கத்தில் ஒரு சுழல்கதவு வைத்து, மூச்சு வாசல் என்று பெயரிட்டார்கள். மாதம் ஒரு முறை ஒவ்வொருவரும் ஊத வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் கதவு திறக்கும். சிவப்பு வந்தவர்களின் நலனில் நிர்வாகம் தனிக் கவனம் செலுத்தும் என்று வழவழப்பான தாளில் அச்சடித்து எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார்கள். நான் அதை நம்பினேன். படித்தவர்கள் அச்சடித்த தாளை நம்புகிற அளவுக்கு வேறு எதையும் நம்புவதில்லை.

அந்த ஆலையின் மனிதவள மேலாளர் ஆல்வின் தேவசகாயம் ஒரு நாள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், உங்க மெஷின் வெள்ளிக்கிழமை மட்டும் லீவு எடுத்துக்குது."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. மற்ற நாட்களில் ஊதுகிறவர்களில் அங்கொருவர் இங்கொருவருக்குச் சிவப்பு வருகிறது. வெள்ளிக்கிழமை ஊதுகிறவர்களில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. மாதத்தில் எந்த நாள் ஊதுவது என்பது அவரவர் விருப்பம் என்று விட்டிருந்தார்கள். இப்போது வெள்ளிக்கிழமையானால் வரிசை ரோடு வரை நிற்கிறதாம், செவ்வாய்க்கிழமை ஈ ஓட்டுகிறார்களாம்.

திங்கட்கிழமை வருகிறேன் என்றேன். அவர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் அந்த ஆலைக்கு வருவாராம், மற்ற நாட்களில் மதுரை அலுவலகமாம். நான் மட்டும் தனியாக வந்து பார்த்துவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்டதற்கு, அதெல்லாம் முறையில்லை என்றார். தானும் மாதாமாதம் எல்லோர் முன்னாலும் நின்று ஊதுவதாக, கேட்காமலேயே பெருமையோடு சொன்னார். எல்லாருக்கும் ஒரே சட்டமாம். இதுவரைக்கும் பச்சைதானாம். வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆலை வாசலில் இறங்கியதும் முதலில் வந்து சேர்ந்தது ஆல்வினின் சென்ட் வாசனை. அவர் அதற்குப் பின்னால் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், தொப்பை இல்லாத, சட்டை மடிப்புக் கலையாத மனிதர். இரண்டு அடி தள்ளி நின்றே பேசினேன். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

பேசிக்கொண்டே மூச்சு வாசலை நெருங்கினோம். என் கருவியின் நெற்றியில் சந்தனம். நடுவில் குங்குமம். உச்சியில் கதம்ப மாலை. ஊதுகிற குழாய்க்கு நேர் எதிரே காவலர் சங்கரபாண்டி, வெறுங்காலோடு நின்று தட்டில் கற்பூரத்தைக் கொளுத்திச் சுற்றிக்கொண்டிருந்தார். மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, எரிகிற கற்பூரத்தைத் தட்டோடு குழாய்க்குக் கீழே இருந்த சின்னப் பலகையில் பக்தியாக வைத்தார். புகை நேராகக் குழாய்க்குள் போனது.

"அண்ணாச்சி, முதல்ல அதை அணைங்க."

"அணைக்கப்பிடாதும்மா. தானாத்தான் குளிரணும்."

"யாரு இதைச் செய்யச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? வெள்ளிக்கிழமை கேட்டுக்கு பூஜை உண்டும்லா. இது புது மெஷின். எத்தனை பேரு வாயை வச்சி ஊதுதாங்க. கண்ணு படாதா?"

முப்பது வருடமாகக் கதவைத் தாழிட்டுக் காப்பாற்றிய பொருளை நானே கொண்டுபோய்த் தெருவாசலில் வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. தமிழ்நாட்டில் ஒரு நுழைவாயிலில் எதை வைத்தாலும் வெள்ளிக்கிழமை அதற்குக் கற்பூரம் காட்டுவார்கள். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? சங்கரபாண்டியைத் திட்டவும் வாய் வரவில்லை. என்னைத் திட்டிக்கொள்ள அங்கே இடமில்லை.

இதற்குள் ஆல்வின் வழக்கம்போல வரிசையின் முன்னால் போய் நின்று ஊதினார். பச்சை. பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஊதினார்கள். பச்சை, பச்சை, பச்சை. எல்லோர் முகத்திலும் கோயில் பிரசாதம் வாங்கிய நிம்மதி.

தன் அறையில் காபி வரவழைத்து ஆல்வின் விளக்கம் கேட்டார். முதலில் வேறொரு சந்தேகம் தீர வேண்டுமாம். தன் கல்யாண மோதிரமும் பிளாட்டினம்தான், அதை வைத்தே கருவி செய்ய முடியாதா என்றார். பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க வீட்டில கோலம் போடுவாங்களா?"

"கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் போடுவாங்க மேடம். புள்ளி வச்சு."

"அப்ப நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி தெரிஞ்சிருக்கும். ஒண்ணுக்கு நேர் கீழ ஒண்ணு வச்சா நேர்ப்புள்ளி. ரெண்டு புள்ளிக்கு நடுவுல அடுத்த வரிசை வந்தா ஊடுபுள்ளி. மாவு அதேதான், கையும் அதேதான். ஆனா இதுல வர்ற கோலம் அதுல வராது. உங்க வாசல்ல இருக்கிற படிகத்தில அணுவெல்லாம் நேர்ப்புள்ளி. அம்மோனியா அது மேலதான் வினை புரியும். அதே பிளாட்டினத்தை ஊடுபுள்ளியா வெட்டினா, அம்மோனியா வந்து எட்டிப் பாத்துட்டு அப்படியே போயிரும். உங்க மோதிரத்தில எல்லாம் கலந்து கிடக்கு. அதுக்கு மேல சோப்பு, எண்ணெய், சாம்பார்."

"கற்பூரம் என்ன பண்ணுது?"

"புள்ளி மேலயே ஏறி உக்காந்துக்குது. அம்மோனியாவுக்கு இடமில்லை. மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது. ஒண்ணும் தெரியலைன்னா அது பச்சை காட்டும். ராத்திரி அதுவே தன்னைச் சூடாக்கிக் கற்பூரத்தை விரட்டிரும். சனிக்கிழமை மறுபடியும் கண்ணு தெரியும்."

ஆல்வின் மேசையில் தட்டிச் சிரித்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, இனி வாசல் பக்கம் கற்பூரத் தட்டே வரக் கூடாது என்றும், வெள்ளிக்கிழமைகளில் ஊதிய அத்தனை பேரும் திங்கட்கிழமை மறுபடி ஊத வேண்டும் என்றும் யாருக்கோ உத்தரவு போட்டார். தனக்கு ஒரு கூட்டம் இருப்பதாகவும், அது முடியும்வரை கேன்டீனில் ஏதாவது சாப்பிடும்படியும் சொல்லி அனுப்பிவைத்தார்.

கேன்டீனில் நான் உட்கார்ந்த மேசைக்கு ஒருவர் வந்து நின்றார். கையில் உலைச் சூட்டின் தழும்புகள். உத்தரவு அதற்குள் ஆலை முழுக்கப் பரவியிருந்தது.

"டாக்டரம்மா, நான் பிச்சைக்கனி. மூணாம் உலையில இருக்கேன்."

நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை என்றேன். தெரியும், மெஷின் செய்த டாக்டரம்மாதானே என்றார். உட்காரச் சொன்னேன். விளிம்பில் உட்கார்ந்தார். அவருக்கு முன்பே இரண்டு முறை சிவப்பு வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை சங்கதி தெரிவதற்கு முன்னால். மூன்றாவது முறை வந்தால் உலைப் பிரிவுக்குத் தகுதியற்றவர் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏற்கெனவே பல பேர் போயாயிற்று. வழவழப்பான தாளில் அச்சடித்த தனிக் கவனம் இதுதான்.

அவர் என்ன கேட்க வருகிறார் என்று புரிந்ததும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சிறுநீரகம் போகிறது என்று தெரிந்த பிறகும் உலை முன்னால் நிற்க வேண்டுமா, கருவியை ஏமாற்றி யாரைக் காப்பாற்றப் போகிறீர்கள், என்று கத்தினேன். நான் முடிக்கும்வரை அவர் கேட்டார்.

"மெஷின் சொன்னது நெசம்தாம்மா. அது சொன்னதுனாலதான் ஆஸ்பத்திரிக்கே போனேன். இப்பவே மாத்திரை சாப்பிட்டா பிடிச்சு நிப்பாட்டிரலாம்னு டாக்டர் சொல்லுதாரு. மாசாமாசம் போறேன், கொஞ்சம் தேவலைன்னு சொல்லுதாரு. அந்த மாத்திரை எல்லாம் ஆலைக் காப்பீட்டுல கிடைக்கு. வேலை போன அன்னைக்கே கார்டும் போயிரும். நோயைக் கண்டுபிடிச்சுச் சொல்லிட்டு, மருந்தைப் பிடுங்கினா எப்படிம்மா?"

"வேற செக்ஷனுக்கு மாத்திக் கேட்டீங்களா?"

"பேக்கிங்ல போடச் சொன்னேன். அங்கன மனுசனே கிடையாது, எல்லாம் இயந்திரக் கை. உலைதான் எங்களுக்கு."

கற்பூரம்தான் காரணம் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். வெள்ளிக்கிழமை அம்மன் கண்ணை மூடிக்கொள்கிறாள் என்றுதான் பேசிக்கொண்டார்களாம். சங்கரபாண்டிக்கு அதுவும் தெரியாதாம்.

"வேற ஏதாச்சும் கோளாறுன்னு சொல்லிருங்கம்மா. கற்பூரம்னு சொல்லாதீங்க" என்றார். நான் ஏற்கெனவே சொல்லியாயிற்று. அதைக் கேட்டதும் அவர் எழுந்து, நான் குடித்த காபி டம்ளரையும் தன்னோடு எடுத்துக்கொண்டு போனார்.

யார் மீது எரிச்சல்படுவது என்று எனக்கு விளங்கவில்லை. பிச்சைக்கனி மீது பட்டேன். ஆல்வின் மீது பட்டேன். கோப்பை நகர்த்தாதவர்கள், உரிமம் கொடுக்கச் சொன்னவர்கள், வழவழப்பான தாளை அச்சடித்தவர்கள் எல்லோர் மீதும் பட்டேன். சுற்றிச் சுற்றிக் கடைசியில் படிகத்தின் மீது பட்டேன். அது உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாத மிளகு. அதை யார் காதில் சொல்வது என்பதை நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

கூட்டம் முடிந்து வந்த ஆல்வின், கற்பூரம்தான் காரணம் என்பதை நேரில் செய்து காட்டும்படி கேட்டார். மேலிடத்தில் சொன்னால் சிரிப்பார்களாம், கண்ணால் கண்டதாகச் சொல்ல வேண்டுமாம். வாசலுக்குப் போனோம். மதிய நேரம், சங்கரபாண்டியைத் தவிர ஒருவரும் இல்லை. நான் மாலையைக் கழற்றி, சந்தனத்தைத் துடைத்து, கருவியைத் திறந்து படிகத்தைச் சூடாக்கும் பித்தானை அழுத்தினேன். சிவக்கச் சூடாகி, ஆறி, சோதனைக் கோடு திரையில் வந்தது. அழகான கோடு. எனக்குப் பழக்கமான மேடு, பழக்கமான பள்ளம்.

இப்போது யாராவது ஊத வேண்டும். காலையில் கற்பூரத்தோடு ஊதியவராக இருந்தால் நல்லது என்றேன்.

"நானே ஊதுறேன். என்னை விட்டா யாரு?" என்றார் ஆல்வின்.

ஊதினார். சிவப்பு.

சிரித்தார். சென்டாக இருக்கும் என்றார். சென்ட் பரப்பை மூடுமே தவிர அம்மோனியாவை உண்டாக்காது என்றேன். சட்டைக் காலரைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி ஊதினார். சிவப்பு. நான் ஊதினேன். பச்சை. சங்கரபாண்டியை ஊதச் சொன்னேன். பச்சை. ஆல்வின் மறுபடி வந்து ஊதினார். அதே சிவப்பு, திரையில் அதே எண்.

அவர் இதுவரை வெள்ளிக்கிழமை தவிர வேறொரு நாள் ஊதியதே இல்லை.

சங்கரபாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்வின் மோதிரத்தைத் திருகிக்கொண்டே நின்றார். அந்தச் சமயத்தில் எனக்கு அவர் மேல் எந்தக் கோபமும் இல்லை. பாவமாக இருந்தது.

அறைக்குப் போனதும், அது தவறாக இருக்க வாய்ப்புண்டா என்று பல விதமாகக் கேட்டார். இல்லை என்று பல விதமாகச் சொன்னேன். ஆரம்ப நிலைதான், நல்ல மருத்துவரைப் பார்த்தால் சமாளிக்கலாம் என்றேன். ஆலை மருத்துவரிடம் போனால் அறிக்கை நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் போகும் என்றார். அந்த விதியை எழுதியவரே அவர்தானாம். மூன்று சிவப்பு விதியையும் எழுதியவர் அவர்தான். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று ஒரு வரி சேர்த்துக் கைதட்டும் வாங்கியிருக்கிறார்.

"மேடம், உங்க ரிப்போர்ட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா? வேற ஏதாவது கோளாறுன்னு..."

காலையில் கேன்டீனில் இதே வார்த்தையை ஒருவர் சொன்னார் என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை. நான் ஒரு நிபந்தனை வைத்தேன். ஊதியவரின் எண் ஊதியவருக்கும் அவருடைய மருத்துவருக்கும் மட்டும்தான் போக வேண்டும். சிவப்பு வந்தால் வேலை போகக் கூடாது, காப்பீடு போகக் கூடாது. விதியை இப்படி மாற்றி வாங்குங்கள், அதுவரை என் அறிக்கை வராது. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, போர்டில் பேசி வாங்கிவிடுவேன் என்றார். நிஜமாகவே வாங்க நினைத்தார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

நான் கிளம்பும்போது வாசலில் புது உத்தரவு வந்திருந்தது. பூஜையை நிறுத்தினால் தொழிலாளர்கள் மனம் புண்படும் என்பதால் வழக்கம்போலத் தொடரலாம், திங்கட்கிழமை மறுசோதனை ரத்து. சங்கரபாண்டி என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல மாலையை எடுத்து மறுபடி கருவியின் தலையில் போட்டார். கற்பூரத்துக்கு நான் காவல் நிற்கிற காலமும் வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து ஆல்வின் அழைத்தார். குரலில் உற்சாகம்.

"ரூல் மாறிடுச்சு மேடம்."

மனசுக்குள் ஒரு நிமிடம் வெளிச்சம் வந்தது. பிச்சைக்கனி பெயர் நினைவுக்கு வந்தது. முழுவதும் சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் தயங்கிச் சொன்னார். அதிகாரி நிலையில் இருப்பவர்கள் இனி மூச்சு வாசலில் ஊதத் தேவையில்லை. அவர்கள் உலைப் பக்கம் போவதில்லை அல்லவா, என்று போர்டில் அவர்களாகவே சொன்னார்களாம்.

"உலையில நிக்கிறவங்களுக்கு?"

"அது அடுத்த கட்டம் மேடம். படிப்படியாத்தான் போகணும். இப்ப நீங்க ரிப்போர்ட்டை அனுப்பிடலாம். கற்பூரத்தை நிறுத்திருவோம். இன்னும் மூணு ஆலைக்கு வாசல் வைக்கப் போறாங்க, படிகம் உங்ககிட்டதான் கேப்பாங்க."

அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்லியிருந்தாலும் நிறுவனத்தின் மரியாதைக்குக் கேடாக முடிந்திருக்கும்.

அந்த வாரம் முழுக்க நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு கம்பியை எடுத்து உருக்கினேன். ஆறவிட்டேன். லேசரை வைத்து வேறொரு திசை பார்த்தேன். என் கைக்கு அந்தத் திசை நன்றாகப் பழக்கம்தான், ஆனால் இந்தக் கருவிக்காக அந்தத் திசையில் ஒரு முறையும் வெட்டியதில்லை. வெட்டினேன். தேய்த்தேன். சுவாலையில் காட்டினேன். கரைசலில் இறக்கியதும் வந்த கோடு குறையே சொல்ல முடியாத கோடு. இவ்வளவு சுத்தமான பரப்பு எப்போதாவதுதான் அமையும். தெரிந்தே பொருந்தாத ஒரு பரப்பை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. அந்தக் கர்வத்தில்தான் இத்தனை பேரை விரட்டியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஆலைக்குப் போய், பராமரிப்பு என்று சொல்லிக் கருவியைத் திறந்தேன். பழைய படிகத்தை எடுத்து நீர்ச் சொட்டோடு குப்பிக்குள் வைத்தேன். புதியதைப் பொருத்தினேன். பக்கத்தில் நின்ற சங்கரபாண்டி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்கு ஆல்வினுக்குச் சிவப்பு வந்ததை அவர் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தாம்மா இருக்கு."

"ஒண்ணுதான் அண்ணாச்சி. ரெண்டும் பிளாட்டினம். இனிமே கற்பூரம் வேண்டாம். பூ மட்டும் வைங்க போதும்."

அவருக்கு வருத்தம்தான். கண் பட்டால் நான் பொறுப்பில்லை என்றார்.

அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் எழுதவில்லை. கற்பூரப் புகை பரப்பை மூடிவிட்டது. படிகம் மாற்றப்பட்டது. புதிய படிகம் மிகத் தூய்மையாக உள்ளது. கற்பூரம் தவிர்க்கப்பட வேண்டும். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மற்ற மூன்று ஆலைகளுக்கும் படிகம் கேட்டுக் கடிதம் வந்தது. வெட்டித் தருவதாகப் பதில் போட்டேன்.

பழைய படிகத்தை மீனலோசனியிடம் கொண்டுபோனேன். அவருடைய ஊர் கோவில்பட்டி. அங்கே பூட்டிக் கிடந்த அப்பா வீட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்துவைக்க ஒப்புக்கொண்டார். நான் அந்தப் படிகம் வைத்த கைப்பெட்டியோடு போவேன். சொல்லியனுப்பியதும் பிச்சைக்கனி முதல் வாரம் நான்கு பேரோடு வந்தார், அடுத்த வாரம் வாசல் கொள்ளவில்லை. ஊதுகிறவரிடம் எண்ணைச் சொல்வேன், மீனலோசனி மருந்தைச் சொல்வார், அதோடு சரி. ஆலையில் வேலை இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, மாத்திரை வருகிறது. உலை வெக்கைக்கு என்னிடம் பதில் இல்லை. தண்ணீர் குடியுங்கள், வேலை நேரத்தில் நிழலுக்குப் போங்கள் என்று மீனலோசனி சொல்லும்போது அவர்கள் சிரித்துக்கொள்கிறார்கள். நெற்றியில் திருநீறோடு வந்தவரைக் கழுவ அனுப்புவேன், தைலம் தடவியவரைத் திட்டுவேன். ஆய்வகத்தைவிட இங்கே என் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

பிறகு ஒரு நாள் ஆல்வின் அழைத்தார்.

"மேடம், கற்பூரத்தை நிறுத்தியாச்சு. பூ மட்டும்தான்."

"நல்லது."

"இப்ப வெள்ளிக்கிழமை மட்டும் இல்ல. எல்லா நாளும் பச்சை."

"பரப்பு சுத்தமா இருக்கு, ஆல்வின் சார்."

அவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் கோலம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஊடுபுள்ளியா மேடம்?"

வேலை போகும், உரிமம் போகும், நிறுவனத்தில் விசாரணை வரும் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு தொலைபேசியைப் பிடித்தபடி இருந்தேன். கோவில்பட்டி வாசலை நினைத்தபோதுதான் நிஜமாகவே பயமாக இருந்தது.

"தலைமை ஆபீஸ்ல ரொம்ப சந்தோஷம் மேடம். தொழிலாளர் ஆரோக்கியம் முன்னேறிடுச்சுன்னு எனக்குப் பாராட்டுக் கடிதம் குடுத்திருக்காங்க" என்றார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார். "ஆலை டாக்டர்கிட்ட என்னால போக முடியாது. பிச்சைக்கனியெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டி போறாங்கன்னு சங்கரபாண்டி சொன்னாரு. நானும் வரலாமா மேடம்? வரிசையிலேயே நிக்கிறேன்."

"வாங்க. சென்ட் மட்டும் அடிச்சுட்டு வராதீங்க."